பொருளடக்கப் பக்கத்தில் தொடங்குங்கள்: குமரி மாவட்டத்திலிருந்து பழைய அறிவியல் புனைகதை தேடுபவர்களுக்கு

இரும்புக்கை மாயாவி காமிக்ஸை நான் முதலில் படித்தது கோட்டாறில் ஒரு முடிவெட்டும் கடையில். எனக்கு முன்னால் நாலு பேர் காத்திருந்தார்கள். புத்தகத்துக்கு அட்டை இல்லை, கடைசிப் பக்கங்களும் இல்லை. கதை எப்படி முடிந்தது என்று தெரிந்துகொள்ளப் பல வருஷம் ஆனது. அதை எழுதியது யார் என்று கேட்கத் தோன்றுவதற்கு மேலும் பத்து வருஷம் பிடித்தது.

அந்தக் கேள்வி வந்துவிட்டவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை. சுஜாதாவைப் படித்தாயிற்று. அசிமோவ், ஆர்தர் கிளார்க் பெயர்கள் தெரியும். அதற்கு அப்பால் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க ஆசை. இணையத்தில் ‘கட்டாயம் படிக்க வேண்டிய நூறு’ மாதிரிப் பட்டியல்கள் ஏராளம் உண்டு. ஆனால் ஒரு பட்டியலைப் பார்த்துத்தான் அடுத்ததைத் தயாரிக்கிறார்கள் போல. எதைத் திறந்தாலும் அதே இருபது பேர் வரிசையில் நிற்கிறார்கள். இந்த வகை எழுத்து பெரும்பாலும் வளர்ந்தது மலிவான இதழ்களில். அதனால் எழுத்தாளரை விட்டுவிட்டு இதழைத் தேடுங்கள். உங்களுக்குத் தெரிந்த ஒரு கதை எந்த இதழில் வந்தது என்று கண்டுபிடித்து, அதன் பொருளடக்கத்தில் மேலும் கீழும் இருக்கும் பெயர்களைப் பாருங்கள். என் முறை மொத்தமும் இவ்வளவுதான். மற்றதெல்லாம் அதைச் செய்கிற விதம்.

முதல் படி: கையில் இருப்பதிலிருந்து

சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972 ஜனவரியில் தொடங்கியபோது முதல் இதழாக வந்தது இரும்புக்கை மாயாவி. மூலக்கதை லண்டனில் 1962 அக்டோபரில் தொடங்கிய வேலியண்ட் என்ற சிறுவர் வார இதழில் வந்தது. சோதனைக்கூட உதவியாளன் ஒருவனுக்கு வலது கை போய், இரும்புக் கை பொருத்துகிறார்கள். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறையும், இரும்புக் கை மட்டும் தெரியும். இதெல்லாம் நமக்கு மனப்பாடம். படம் வரைந்தவர் ஸ்பெயின்காரர் ஜீசஸ் பிளாஸ்கோ. கதையை முதலில் எழுதியவர் கென்னத் புல்மர்.

அந்தக் காலத்து ஆங்கிலச் சிறுவர் வார இதழ்களில் கதாசிரியர் பெயரைப் போடுவது வழக்கமில்லை. அதனால் அங்கேயே பல வாசகர்களுக்கு அவரைத் தெரியாது, நமக்கு எங்கே தெரியப்போகிறது! ஆனால் புல்மர் சாதாரண ஆள் இல்லை. 1921இல் பிறந்து 2005இல் இறந்தார். சொந்தப் பெயரிலும் ஏகப்பட்ட புனைபெயர்களிலுமாக நூற்றுக்கு மேற்பட்ட நாவல்கள் எழுதியிருக்கிறார். ரசிகராக இருந்து எழுத்தாளரானவர். 1955இல் பிரிட்டிஷ், அமெரிக்க ரசிகர்கள் தங்களுக்குள் பணம் பிரித்து, அவரை அமெரிக்காவில் கிளீவ்லாண்டில் நடந்த அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். சிவகாசியில் மாயாவி வந்த அதே 1972இல், ஆலன் பர்ட் ஏக்கர்ஸ் என்ற பெயரில் அவர் டிரே பிரெஸ்காட் என்ற நாயகனை வைத்து ஒரு நீளமான தொடரையும் தொடங்கினார்.

அதே ஆண்டு ஜான் கார்னெல் என்ற ஆசிரியர் இறந்துபோனார். அவர் நடத்திவந்த ‘நியூ ரைட்டிங்ஸ் இன் எஸ்எஃப்’ என்ற தொகுப்பு வரிசையை 22ஆவது தொகுதியிலிருந்து ஏற்று நடத்தியவரும் புல்மர்தான். இப்போது அந்தத் தொகுப்புகளின் பொருளடக்கத்தைத் திறந்தால் எழுபதுகளின் பிரிட்டிஷ் எழுத்தாளர்கள் கூட்டமாகக் கிடைப்பார்கள். முடிவெட்டும் கடையிலிருந்து அங்கே போக மூன்று எட்டுதான் ஆயிற்று.

லயன் காமிக்ஸில் ஸ்பைடர் (ஸ்பைடர்மேன் வேறு) படித்தவர்களுக்கு இன்னொரு கதவு இருக்கிறது. அந்தத் தொடரின் பெரும்பகுதியை எழுதியவர் ஜெர்ரி சீகல். ஆம், சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர். பள்ளிக்கூடப் பையனாக இருந்த காலத்தில் இவர் நண்பர் ஜோ ஷுஸ்டருடன் சேர்ந்து ‘சயின்ஸ் ஃபிக்‌ஷன்’ என்ற சிறு இதழைச் சைக்ளோஸ்டைல் எடுத்து விநியோகித்தார். 1933 ஜனவரியில் அதில் வந்த ஒரு கதையில்தான் சூப்பர்மேன் என்ற பெயர் முதலில் தலைகாட்டியது. அதில் அவன் வில்லன்! நம் ஊரில் கல்லூரிப் பையன்கள் கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார்களே, அது மாதிரிச் சமாச்சாரம். ஆங்கிலத்தில் இவற்றை ஃபேன்சீன் என்பார்கள். 1930இல் வந்த ‘தி காமெட்’ இந்த வகையில் முதலாவது என்று பொதுவாகச் சொல்கிறார்கள்.

இரண்டாம் படி: பொருளடக்கத்தை நோண்டுவது

இதற்கு இரண்டு இணையதளங்கள் போதும். ஐஎஸ்எஃப்டிபி என்ற தரவுத்தளத்தில் ஒரு கதையின் பெயரைத் தட்டினால் அது எந்த இதழில், எந்த மாதம் வந்தது, பிறகு எந்தெந்தத் தொகுப்பில் சேர்ந்தது என்று வரும். இதழின் பெயரைத் தொட்டால் முழுப் பொருளடக்கமும் விரியும். அடுத்தது இண்டர்நெட் ஆர்க்கைவ். பழைய இதழ்கள் பலவற்றை அங்கே அட்டை முதல் விளம்பரம் வரை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள். விளம்பரத்தையும் வாசகர் கடிதத்தையும் தாண்டிப் போய்விடாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

முழுக்க அறிவியல் புனைகதைக்கு என்றே வந்த முதல் ஆங்கில இதழ் அமேசிங் ஸ்டோரீஸ். 1926 ஏப்ரலில் நியூயார்க்கில் ஹியூகோ கெர்ன்ஸ்பேக் தொடங்கினார். அந்த டிசம்பரில் அட்டைப் படத்தைக் காட்டி, இதற்குக் கதை எழுதுங்கள் என்று போட்டி வைத்தார். மூன்றாம் பரிசு கிளேர் விங்கர் ஹாரிஸ் என்ற பெண்மணிக்குப் போனது. கதை 1927 ஜூன் இதழில் வந்தது. கெர்ன்ஸ்பேக் அதற்கு எழுதிய முன்குறிப்பு வேடிக்கையானது. பெண்களுக்கு அறிவியல் படிப்பு குறைவு, அதனால் இந்த மாதிரிக் கதை அவர்களுக்கு வராது, இவர் பரிசு வாங்கியது எங்களுக்கே ஆச்சரியம் என்கிற தொனி. பாராட்டா, குட்டா என்று தெரியாது. அந்த இதழில் சொந்தப் பெயரில் எழுதிய முதல் பெண் அவர்தான்.

கதை என்னவென்றால், செவ்வாய்க்காரர்கள் பூமியின் கடல்நீரைத் திருடுகிறார்கள். கடல் மட்டம் இறங்குகிறது. கதைநடை இன்றைக்குக் கொஞ்சம் மரக்கட்டையாகத்தான் இருக்கும், அதை மறைப்பானேன். ஆனாலும் 2004 டிசம்பர் 26 காலையில் கடல் உள்வாங்கியதைப் பார்த்த குமரிக்காரர் யாரும் அந்தப் பக்கங்களைச் சும்மா படித்துவிட்டுப் போக முடியாது. நான் பாதியில் மூடி வைத்துவிட்டு, மறுநாள்தான் முடித்தேன்.

ஹாரிஸ் டஜனுக்குச் சற்றேறக்குறைய கதைகள் எழுதிவிட்டு நிறுத்திக்கொண்டார். ஆனால் 1931 ஆகஸ்டில் வொண்டர் ஸ்டோரீஸ் இதழின் வாசகர் கடிதப் பகுதியில், அறிவியல் புனைகதையின் கருப்பொருள்களை 16 வகையாகப் பிரித்து ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். இந்தத் துறையை இப்படி வகை பிரித்துப் பார்த்த ஆரம்பகால முயற்சிகளில் அது ஒன்று. கதைகளை மட்டும் தேடிப் போயிருந்தால் அந்தக் கடிதம் என் கண்ணில் பட்டிருக்காது.

சின்ன இதழ்களையும் விடாதீர்கள். பால் லைன்பார்கர் என்று ஒருவர். அமெரிக்க ராணுவத்துக்கு உளவியல் போர் பற்றிப் பாடநூல் எழுதிய பேராசிரியர். சீனத் தலைவர் சுன் யாட்-சென்னை ஞானத்தகப்பனாகக் கொண்டவர். 1945இல் ஒரு கதை எழுதினார். விண்வெளியின் வேதனையைத் தாங்குவதற்காக மூளைக்கும் உடம்புக்குமான தொடர்பை வெட்டிக்கொண்ட மனிதர்களின் கதை. வலி தெரியாது, சுவை தெரியாது. உயிரோடு இருக்கிறோமா என்பதையே நெஞ்சில் பதித்த கருவிகளைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பெரிய இதழ்கள் திருப்பி அனுப்பிவிட்டன. கடைசியில் 1950இல் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து தட்டுத்தடுமாறி வந்துகொண்டிருந்த ஃபேன்டஸி புக் என்ற இதழின் ஆறாவது எண்ணில், கார்ட்வெய்னர் ஸ்மித் என்ற பெயரில் வெளிவந்தது. அதைப் படித்தவர்கள் வெகு சிலர். அந்தச் சிலரில் ஃபிரெடரிக் போல் ஒருவர். காரணம், அதே இதழில் அவரும் அசிமோவும் சேர்ந்து எழுதிய ஒரு கதை இருந்தது. தன் கதையைப் பார்க்கப் புரட்டியவர் பக்கத்துக் கதையைப் படித்தார். 1952இல் தான் தொகுத்த புத்தகத்தில் அதைச் சேர்த்தார். இன்று அந்தக் கதை அமெரிக்க அறிவியல் புனைகதையின் உச்சங்களில் ஒன்று. நான் சொன்ன முறையை ஃபிரெடரிக் போல் அன்றைக்கே தன்னையறியாமல் செய்திருக்கிறார்.

மூன்றாம் படி: மெட்ராஸ், கல்கத்தா, அப்புறம் நெல்லை

இந்தத் துறை அமெரிக்கர்கள் கட்டிய வீடு, நாம் விருந்தாளிகள் என்ற நினைப்பு பலரிடம் உண்டு. தேதிகளைப் பார்த்தால் அது நிற்காது.

ரொக்கேயா சகாவத் உசேன் எழுதிய ‘சுல்தானாவின் கனவு’ 1905இல் வெளிவந்தது. அமேசிங் ஸ்டோரீஸ் பிறக்க இன்னும் 21 வருஷம் இருந்தது. வெளியிட்டது மெட்ராஸிலிருந்து கமலா சத்தியநாதன் நடத்திய இண்டியன் லேடீஸ் மேகசின். வங்காளப் பெண்மணி ஆங்கிலத்தில் எழுதி, நம் மெட்ராஸில் அச்சான கதை. ஆண்கள் அந்தப்புரத்துக்குள் அடைபட்டிருக்க, பெண்கள் வெளியே நாட்டை நடத்துகிறார்கள். பல்கலைக்கழகப் பெண்கள் மேகத்திலிருந்து குழாய் போட்டு நீர் இறக்குகிறார்கள், சூரிய வெப்பத்தைச் சேமித்துப் படையெடுத்து வந்தவர்களை விரட்டுகிறார்கள், வானில் பறக்கும் வண்டியில் போகிறார்கள். கணவர் ஊர்ப்பயணம் போயிருந்த இரண்டு நாளில் பொழுதுபோக்காக எழுதியதாம். திரும்பி வந்த கணவர் நின்றபடியே படித்துவிட்டு, ‘பயங்கரமான பழிவாங்கல்!’ என்றாராம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, ஒரே மூச்சில் முடியும். புதியவர்கள் முதலில் படிக்க ஒன்றே ஒன்று சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

அதற்கும் முன்பு, 1896இல், ஜெகதீஷ் சந்திர போஸ் வங்காளியில் ஒரு கதை எழுதினார். குந்தலின் என்ற கூந்தல் எண்ணெய்க் கம்பெனி வைத்த போட்டிக்காக எழுதியது. கதைக்குள் எண்ணெயின் பெயர் வர வேண்டும் என்பது நிபந்தனை. கல்கத்தாவை நோக்கி வந்த புயல் எங்கே போனது? கடலில் ஒரு பாட்டில் எண்ணெய் ஊற்றியதில் அடங்கிப்போனது. விளம்பரத்துக்கு எழுதிய கதைக்குள் பரப்பிழுவிசை என்ற இயற்பியலை ஒளித்து வைத்திருக்கிறார் மனிதர். வங்காளத்தில் பிறகு 1963இல் அத்ரீஷ் பர்தன் ‘ஆஷ்சர்ஜோ’ என்ற இதழைத் தொடங்கினார். இந்தியாவில் அறிவியல் புனைகதைக்கென்றே வந்த முதல் இதழ் என்று அதைச் சொல்வது வழக்கம்.

மற்ற இந்திய மொழிகளுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. நேஷனல் புக் டிரஸ்ட் 1993இல் பால் போண்ட்கே தொகுத்து வெளியிட்ட ‘இட் ஹேப்பண்ட் டுமாரோ’. மராத்தியின் லட்சுமண் லோந்தே, சுபதா கோகடே, கன்னடத்தின் ராஜசேகர பூசனூர்மட், இந்தியின் தேவேந்திர மேவாரி என்று பலர் ஒரே அட்டைக்குள் இருக்கிறார்கள். தமிழுக்கு சுஜாதா.

தமிழ்ப் பக்கம் வந்தால், நெல்லைக்காரர் புதுமைப்பித்தனை யாரும் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. மேரி ஷெல்லியின் 1818ஆம் வருஷத்து ஃபிராங்கன்ஸ்டைனைப் ‘பிரேத மனிதன்’ என்று தமிழில் தந்தவர் அவர். பிணங்களைத் தைத்து உயிர் கொடுத்த கதை அவருடைய கையில் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். எழுத்து நாட்டுடைமை ஆகிவிட்டதால் தேடுவதில் சங்கடம் இல்லை. 1948இல் அவர் கண்மூடியது நமக்குப் பக்கத்துத் திருவனந்தபுரத்தில்.

நம் மாவட்டத்திலேயே ஜெயமோகன் எழுதிய அறிவியல் சிறுகதைகள் ‘விசும்பு’ என்று தொகுப்பாக வந்திருக்கின்றன. அவரைப் பெயர் தெரியாதவர் என்று சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் அந்தத் தொகுப்பைப் படித்தவர்கள் அவருடைய வாசகர்களிலேயே குறைவு. இப்போது எழுதுகிறவர்களுக்கு, 2018இல் தொடங்கிய அரூ மின்னிதழின் அறிவியல் சிறுகதைப் போட்டிக் கதைகளைப் பாருங்கள்.

நான்காம் படி: காலால் தேடுவது

நாகர்கோவில் மாவட்ட மைய நூலகத்தில் உறுப்பினராகிவிடுங்கள். ‘அறிவியல் புனைகதை இருக்கா?’ என்று கேட்டால் அறிவியல் அலமாரியைக் காட்டுவார்கள், அங்கே மின்னியல் பாடப்புத்தகம் இருக்கும். எழுத்தாளர் பெயரையும் ஆண்டையும் எழுதிக் கொண்டுபோய்ச் சிறுகதை, சிறுவர் இலக்கியம் இரண்டு அலமாரியிலும் நீங்களே தேடுவதுதான் பலன் தரும்.

ஆக்கர் கடைகள், அதாவது பழைய பேப்பர், இரும்பு வாங்கும் கடைகள், இதைவிடச் சுவாரசியம். வடசேரி, தக்கலை, மார்த்தாண்டம் எங்கே போனாலும் உண்டு. கட்டுக் கட்டாகக் கட்டி லாரியில் ஏற்றுவதற்கு முன்னால் போய்விட வேண்டும். ‘பழைய பைண்டு புக் வந்தா எடுத்து வையுங்கண்ணே’ என்று சொல்லி வைத்தால் பெரும்பாலும் எடுத்து வைப்பார்கள். பைண்டு புத்தகத்தைக் குறிப்பாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. வார இதழ்த் தொடர்கதைகளை வாராவாரம் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்து வைத்த தலைமுறை ஒன்று இங்கே இருந்தது. புத்தகமாகவே வராத தமிழ் விஞ்ஞானத் தொடர்கள் அந்தக் கட்டுகளில்தான் உயிரோடிருக்கின்றன. சொந்தக்காரர் வீட்டுப் பரணையும் விடாதீர்கள். மகேந்திரகிரியிலோ தும்பாவிலோ விண்வெளி மையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியப்பா யாராவது இருந்தால், அவர் அலமாரியில் சோவியத் புத்தகங்களுக்கு நல்ல வாய்ப்பு உண்டு.

அப்படி ஒரு அலமாரியில்தான் எனக்கு அலெக்சாந்தர் பெல்யாயெவ் கிடைத்தார். 1928இல் ‘உலகைச் சுற்றி’ என்று பொருள்படும் பெயர் கொண்ட ருஷ்ய இதழில் தொடராக வந்தது அவருடைய நீர்நில மனிதன் கதை. நுரையீரல் கெட்டுப்போன சிறுவனுக்கு ஒரு மருத்துவர் சுறாவின் செவுள்களைப் பொருத்துகிறார். அவன் கடலுக்கடியில் வாழ்கிறான். முத்துக்குளிக்கும் முதலாளி அவனைப் பிடித்துச் சம்பாதிக்கப் பார்க்கிறான். குளச்சல், முட்டம் பக்கத்துப் பையன்களுக்கு இதை வாய்மொழியாகச் சொல்லிப் பாருங்கள், எந்த முன்னுரையும் தேவைப்படாது. பெல்யாயெவ் 1942 ஜனவரியில், ஜெர்மானியர் பிடித்திருந்த புஷ்கின் நகரத்தில், போர்க்காலப் பட்டினியில் இறந்தார்.

மாதம் ஒரு சனிக்கிழமை ரயிலேறித் திருவனந்தபுரம் போய்வரலாம். பாளையத்தில் 1829இல் தொடங்கிய பொது நூலகம் இருக்கிறது. அந்த வட்டாரத்திலேயே பழைய புத்தகக் கடைகளும் உண்டு. ஆங்கிலக் காகித அட்டைப் புத்தகங்கள் நாகர்கோவிலைவிட அங்கே அதிகம். விளவங்கோடு, கல்குளம் பக்கம் மலையாளம் படிக்கத் தெரிந்தவர்களுக்கு இன்னும் ஒரு அலமாரி கூடுதல். சென்னைக்குப் போகிறவர்கள் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு முன்கூட்டியே எழுதிவிட்டுப் போங்கள்.

ஐந்தாம் படி: நோட்டு

ஒரு நூறு பக்க நோட்டு வாங்கி, கதை, எழுத்தாளர், இதழ், மாதம், வருஷம், எங்கே கிடைத்தது என்று எழுதுங்கள். புனைபெயருக்கு ஒரு தனிப் பத்தி விடுங்கள். இந்தத் துறையில் பாதிப் பேர் முகமூடி போட்டவர்கள். 1974இல் மராத்தி அறிவியல் மன்றத்தின் கதைப் போட்டிக்கு நாராயண் விநாயக் ஜக்தாப் என்ற பெயரில் ஒரு கதை வந்து பரிசு வாங்கியது. எழுதியவர் வானியலாளர் ஜெயந்த் விஷ்ணு நார்லிகர். தன் முதலெழுத்துகளைத் திருப்பிப் போட்டு அந்தப் பெயரைச் செய்திருக்கிறார். ஜேம்ஸ் டிப்ட்ரீ என்ற அமெரிக்கர் ஆணா பெண்ணா என்று பெரிய விவாதமே நடந்து, ஆண்தான் என்று ஒரு பிரபல எழுத்தாளர் அடித்துச் சொன்ன பிறகு, ஆலிஸ் ஷெல்டன் என்ற பெண்மணி என்று வெளியே வந்தது. பெயரை அவர் ஒரு ஜாம் பாட்டிலிலிருந்து எடுத்தாராம். மனைவி சுஜாதாவின் பெயரில் எழுதிய ரங்கராஜனைப் படித்து வளர்ந்த நமக்கு இதெல்லாம் புதிதல்ல.

தேதியை உடனே எழுதுங்கள் என்று வற்புறுத்துவதற்குச் சொந்த அனுபவம் ஒன்று உண்டு. உதிரியாகக் கிடைத்த ஒரு தொடரை, ஒரு வாரம் விடாமல், பைண்டு செய்யக் கொடுத்தேன். அழகாகச் செய்து கொடுத்தார்கள். ஓரத்தைச் சமமாக வெட்டியதில் பக்கத்தின் அடியில் இருந்த இதழ்த் தேதி எல்லாம் போய்விட்டது. அது எந்த வருஷத்துக் கதை என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.

காப்புரிமை பற்றி ஒரு வார்த்தை. இந்தியாவில் எழுத்தாளர் இறந்து 60 வருஷம் வரை உரிமை உண்டு. சுஜாதா 2008இல் இறந்தார். அவருடைய புத்தகங்களின் பிடிஎஃப் வாட்சப்பில் வந்தால் அனுப்பியவருக்கு நன்றி சொல்லிவிட்டுக் கடையில் வாங்கிப் படியுங்கள்.

ஆறாம் படி: மழை

மற்ற மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தப் படி அவ்வளவு அவசரமில்லை. நமக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் ஒரு மழை. மலிவு இதழ்களின் காகிதம் மரத்தை அப்படியே அரைத்துச் செய்தது. மரத்தில் இருக்கும் லிக்னின் என்ற பொருள் அதில் தங்கிவிடுவதால் வெளிச்சமும் காற்றும் பட்டுப் பழுத்து, அமிலமேறி, அப்பளமாக நொறுங்கும். ஈரம் சேர்ந்தால் பூஞ்சையும் ராமபாணப் பூச்சியும் வரும். கிழிந்த பக்கத்தில் செல்லோடேப் ஒட்டாதீர்கள், நாலு வருஷத்தில் பிசின் காகிதத்துக்குள் இறங்கிப் பழுப்புக் கோடாக நிற்கும். பிளாஸ்டிக் உறையில் இறுக்கிக் கட்டினால் ஈரம் உள்ளேயே தங்கும், அதனால் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். சுவரை ஒட்டி அலமாரியைப் போடாதீர்கள். நனைந்துவிட்டால் வெயிலில் காயப்போடாமல், நாலைந்து பக்கத்துக்கு ஒரு வெள்ளைத்தாள் செருகி, மின்விசிறிக் காற்றில் விரித்து வையுங்கள், தாள் ஈரமானதும் மாற்றுங்கள். முதல் வேலையாக, வாங்கிய அன்றைக்கே பொருளடக்கப் பக்கத்தை ஃபோனில் படம் எடுத்துவிடுங்கள். மற்றப் பக்கங்கள் பிறகு.